உடலே புணை

முதுமை எய்திய புலவர் ஒருவர் தம் இளமையை எண்ணி ஏங்கும் பாடல் ஒன்று புறநானூற்றில் உண்டு. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பெயரால் அறியப்படும் அவர், கோலூன்றி இருமும் தளர்ந்த வயதில் நினைவுகூர்வது வென்ற களங்களையோ பெற்ற பரிசில்களையோ அன்று. நீர்த்துறை மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்போர் மருளுமாறு ஆழ்மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த சிறுவயதுத் துணிவையே அவர் எண்ணிப் பார்க்கிறார்.

இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், "உங்களுள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்?" என வினவுவது நம் வழக்கம். உயரும் கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. மாணவியர் வரிசையில் ஒரு கை உயர்வதே அரிது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஊர்ச்சிறுவர் அனைவர்க்கும் உரியதாயிருந்த ஒரு திறன், நம் கண்ணெதிரே ஒரு தலைமுறைக்குள் கைநழுவிப் போயிற்று. இதனை ஒரு விளையாட்டின் மறைவு என்று எண்ணிக் கடந்துவிட இயலவில்லை. கோடை விடுமுறை முடிந்து கல்விக்கூடம் திறக்கும் நாளில், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடிக்க நேர்ந்த ஆசிரியர் எவரும் அவ்வாறு கடந்துவிட மாட்டார்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் முப்பது வயதைத் தொடாதவர்கள். நம் நாட்டில் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல் இவ்வாறு உயிரிழந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் காட்டுகின்றன. ஒரு கொள்ளைநோய் இத்துணை இளைஞரைக் கொண்டுசென்றிருப்பின் நாடே அதிர்ந்திருக்கும். நீரோ ஒருவர் இருவராக, ஓசையின்றிக் கொண்டுசெல்கிறது. எனவே நாளிதழின் மூலையில் ஒரு சிறு செய்தியோடு அது முடிந்துபோகிறது.

நீந்தல் வேறு, மிதத்தல் வேறு

நம் தலைமுறையினர் நீந்தக் கற்றது பயிற்சிக்கூடங்களில் அன்று. இடுப்பில் சுரைக்குடுக்கையையோ கட்டையையோ கட்டி, மாமனோ அண்ணனோ வயற்கிணற்றில் தள்ளிவிட, தண்ணீர் குடித்துத் தண்ணீர் குடித்துக் கற்றோம். இன்று அக்கிணறுகள் வற்றிவிட்டன; பல தூர்ந்துவிட்டன. குழாய்நீர் வீட்டுக்குள் வந்தபின், பிள்ளைகள் நீர்நிலையைக் காண்பதே விடுமுறைச் சுற்றுலாவில்தான். ஆற்றை அறியாத பிள்ளை, மணல் அள்ளிய பள்ளங்கள் மறைந்துகிடக்கும் ஆற்றில் இறங்குகிறது. கணுக்கால் நீரில் நின்ற கால், அடுத்த அடியில் நிலைகொள்ளாது போகிறது.

இந்நிலையில் பிள்ளைகள் அனைவர்க்கும் முழுமையாக நீச்சல் கற்பிப்போம் என்பது நல்ல நோக்கமே. ஆயினும் அதற்குக் காலமும் இடமும் பொருளும் வேண்டும். அதற்கு முன்னதாக, எளிதாகவும் விரைவாகவும் கற்பிக்கத்தக்க ஒன்று உண்டு. அதுதான் மிதத்தல். நீந்தல் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும் திறன். மிதத்தல் என்பது மூச்சை இழக்காமல் இருந்த இடத்திலேயே இருக்கும் திறன். தவறி விழுந்தவருக்கு முதலில் வேண்டுவது இரண்டாவதே ஆகும்.

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருங்கியது. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலோர் உடல் நீரைவிடச் சற்றே இலேசாகிறது. அந்தச் சிறு வேறுபாட்டால், உடலில் மிகச் சிறிய பகுதியே நீருக்கு மேலே நிற்க இயலும். அப்பகுதி கையாக இருந்தால் முகம் உள்ளே போகும். முகமாக இருந்தால் உயிர் நிற்கும். அஞ்சியவர் செய்வது யாது? நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் மேலே தூக்கி, வானத்தைப் பற்ற முயல்கிறார். தூக்கிய கையின் எடையே அவர் தலையை அமிழ்த்துகிறது. வாய் நீருக்குள் போவதால் அவரால் கூவவும் இயலுவதில்லை. 'கத்தவே இல்லையே, விளையாடுகிறான் என்றல்லவா எண்ணினோம்' எனக் கரையில் நின்றோர் பின்னர்க் கலங்குவதன் காரணம் இதுவே.

மிதக்கக் கற்றவர் இதற்கு நேர்மாறாகச் செய்வார். தலையைப் பின்னே சாய்த்து, காதுகள் நீரில் நனையுமாறு மல்லாந்து, மோவாயை மேலே உயர்த்தி, கைகளை நீருக்குள்ளேயே அகல விரித்து, மூச்சைச் சீராக்குவார். கால்கள் தாழ்ந்தாலும் கவலையில்லை. உள்ளங்கைகளை நீருக்குள் மெல்ல அசைத்தால் போதும். படபடப்பு அடங்கியபின் உதவிக்குக் குரல் கொடுக்கலாம்; இயன்றால் கரையை நோக்கி நகரலாம். 1824ஆம் ஆண்டு முதல் கடலில் உயிர்காத்து வரும் பிரிட்டனின் ராயல் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம், இன்று மக்களுக்குக் கூறும் முதல் அறிவுரையும் இதுவே: முதலில் மித, பிறகு மற்றவை.

வங்கதேசம் தரும் பாடம்

'நீச்சல்குளம் இல்லாத ஊரில் இதெல்லாம் நடக்குமா?' என வினவுவோர் உண்டு. அவர்கள் வங்கதேசத்தைக் காணவேண்டும். வீட்டுக்கு வீடு குளம் உள்ள அந்நாட்டில், ஒரு வயதைக் கடந்த குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களுள் முதன்மையானது நீரில் மூழ்குதலே என்பதை 2003ஆம் ஆண்டில் நடைபெற்ற பெரும் கணக்கெடுப்பு ஒன்று உணர்த்திற்று. அதன்பின் அங்கே இரண்டு பணிகள் தொடங்கப்பட்டன. தாயர் வீட்டுவேலையில் ஆழ்ந்திருக்கும் முற்பகல் வேளையில், மிகச் சிறு குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் ஊர்தோறும் எழுந்தன. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, ஊர்க்குளத்திலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, 25 மீட்டர் நீந்தவும், 30 நொடிகள் மிதக்கவும், கரையிலிருந்தபடியே பிறருக்கு உதவவும் கற்பித்தனர்.

விளைவு வியப்பூட்டுவது. பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறத்தல் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பளிங்குக்கல் பதித்த குளமோ, வெளிநாட்டுக் கருவிகளோ அங்கில்லை. மூங்கிலும் கயிறும் முறையாகப் பயிற்சி பெற்ற ஊர் இளைஞருமே இருந்தனர். நம் ஊர்களில் இவற்றுள் எது இல்லை?

பெண்களை விலக்கிய கலை

நம் வீடுகளில் ஆண்பிள்ளை நீந்தக் கற்றால் வீரம். பெண்பிள்ளை கற்க விரும்பினால் வீண்வேலை. ஆனால் நீர் அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. 2022ஆம் ஆண்டு சூன் மாதம் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்கச் சென்ற ஏழு பெண்பிள்ளைகள் ஒரே நாளில் மாண்டனர். மூழ்கியவரைக் காக்க முயன்று மற்றவரும் மூழ்கியதாகவே அன்றைய செய்திகள் கூறின. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்குச் சென்ற புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவியர் நால்வர், மாயனூரில் காவிரியில் மூழ்கினர். விளையாட்டுத் திடலில் ஓடிக் களித்த கால்களுக்கு நீரில் நிற்கும் வழியை எவரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

நம் சமுதாயப் பெரியோர் இங்கே எழுப்பக்கூடிய தயக்கத்தை நாம் அறிவோம். நாணமும் மறைவும் பேணப்படவேண்டுமே என்பது அவர்தம் கவலை. அக்கவலை மதிக்கத்தக்கது, ஆனால் அது கற்பிக்கும் முறையைத் தீர்மானிக்கலாமேயன்றி, கற்பிக்கலாகாது என்னும் முடிவுக்குக் காரணமாகக் கூடாது. தனி நேரம், தனித் துறை, பெண் பயிற்றுநர், அன்றாட முழு உடை ஆகிய நான்கும் அமைந்தால் தடையென்ன? இன்னும் சொல்லப்போனால், அன்றாட உடையோடு மிதக்கப் பழகுவதே அறிவுடைமை. எவரும் நீச்சல் உடை அணிந்துகொண்டு தவறி விழுவதில்லை.

மரக்கலத்தோடு தொடர்புடைய மரைக்காயர் என்னும் பெயரைத் தாங்கிய குடும்பங்கள் வாழும் கடற்கரை ஊர்கள் நம்முடையவை. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பிக்குமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வலியுறுத்தியதாக ஒரு செய்தி நம்மிடையே வழங்கி வருகிறது. மேடையில் அதனை எடுத்துரைக்காத சொற்பொழிவாளர் இலர். துறையில் இறங்கிக் கற்பிப்போர்தாம் இலர். நீரில் மூழ்கி இறந்தோர்க்கு ஷஹீதின் தகுதி உண்டு என்பது நபிமொழி. அது பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீரைத் துடைக்க வந்த ஆறுதல். காத்திருக்கக்கூடிய உயிரைக் காவாதுவிட்ட நமக்கு அது சமாதானம் ஆகாது.

கரையில் நிற்போர் கடமை

மிதத்தல் என்பது தனியொருவர் கற்கும் கலை மட்டுமன்று. குடும்பம் முழுதும் கற்கவேண்டிய ஒழுங்குமுறை. ஒருவர் மிதந்துகொண்டிருக்க, கரையில் உள்ளோர் செய்வதறியாது குதித்தால் இரண்டு உயிர்கள் போகும். மூழ்குபவர் தம்மைக் காக்க வந்தவரையே பற்றி அமிழ்த்திவிடுவார். அது பகையன்று, அச்சத்தின் இயல்பு. ஆகவே முதல் விதி, பயிற்சியில்லாதோர் இறங்கலாகாது என்பதே. கம்பை நீட்டுக; கயிற்றை வீசுக; மூடிய வெற்றுக் கேனையோ குடத்தையோ எறிக.

இதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கத் தொடங்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தாம் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து நீரில் வீசினர். இருவர் அவற்றைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தனர். அம்மூவருக்கும் தமிழக அரசு அவ்வாண்டே கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. மானத்தினும் உயிரைப் பெரிதாகக் கருதிய அவர்தம் மனம் போற்றத்தக்கது. பதற்றத்திலும் கரையிலிருந்தே எதனை எறியலாம் என எண்ணிய அறிவு நாம் கற்கத்தக்கது.

கரைசேர்ந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் இன்றும் பல ஊர்களில் வழக்கமாயுள்ளன. அவை பயனற்றவை; மூச்சுவிட உதவவேண்டிய பொன்னான நேரத்தைப் பாழாக்குபவை. மூச்சில்லையேல் வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊதுதலும் மார்பை அழுத்துதலும் உடனே தொடங்கவேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 108 எண்ணை அழைக்கவேண்டும்.

நாம் செய்யத்தக்கன

'மிதக்கத் தெரிந்தால் துணிச்சல் மிகுந்து ஆழத்துக்குப் போவார்களே' என்பது மற்றொரு தடைமொழி. இது புறக்கணிக்கத்தக்கதன்று. மிதத்தல் ஆற்றில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. தவறி விழுந்தால் உதவி வரும்வரை தாங்கும் சில நிமிடங்களே அது. இதனை முதற்பாடத்திலேயே ஐயமறக் கூறிவிடவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கோ எந்தப் பயிற்சியும் காவலாகாது. அவர்கட்குத் தாய் தந்தையரின் கண்ணும், மூடிய தொட்டியும், சுற்றுச்சுவர் உள்ள கிணறுமே காவல்.

நம் கல்லூரியின் நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் சிற்றூர்களில் முகாமிடுகின்றனர். சாலை செப்பனிடுகின்றனர், மரக்கன்று நடுகின்றனர். இனிவரும் முகாமில், முறையான பயிற்றுநரின் துணையோடு, இடுப்பளவு நீருள்ள ஒரு குளத்தில் மூங்கில் தடுப்பு அமைத்து அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மிதக்கக் கற்பித்தால் என்ன? மாணவியர் குழு தாய்மார்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம். ஜமாஅத்துகளும் ஊராட்சிகளும் குளக்கரைதோறும் ஒரு கயிற்றையும் மிதவையையும் தொங்கவிடலாம். அதற்காகும் செலவு, நம் விழாக்களில் ஒரு நாள் மின்விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவே.

இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் மாணவரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. உங்கள் வீட்டில் மிதக்கத் தெரியாதவர் எத்தனை பேர் என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கில் நீங்களும் ஒருவராயின், அதிலிருந்தே தொடங்குங்கள்.

வெள்ளத்தில் அகப்பட்டோர்க்குப் புணையே துணை என்பது தமிழ் மரபு. அப்புணையை வெளியே தேடி அலையவேண்டுவதில்லை. மூச்சை அடக்கி, அச்சத்தை அடக்கி, நீரின்மேல் மல்லாந்து கிடக்கத் தெரிந்தவர்க்கு அவர்தம் உடலே புணை. அதனைக் கற்பிக்கும் பொறுப்பு கற்றறிந்த நம்முடையது. அடுத்த கோடை வருமுன் அப்பொறுப்பை நாம் ஏற்போமாயின், வருகைப் பதிவேட்டில் அடிக்க நேர்ந்திருக்கும் ஒரு பெயரேனும் அழைத்தவுடன் எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' எனக் குரல் கொடுக்கும்.