இறுக்குவதற்கு முன் தேடுங்கள்

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் மாமாவிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது. 1987-ஆம் வருட வண்டி. தினமும் காலையில் மார்க்கெட், மாதம் ஒரு முறை செம்பூர் சேடா நகர் முருகன் கோவில். இதைத் தாண்டி அதற்கு வேலை கிடையாது. மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழாய், மின்விசிறி, மிக்ஸி எதையும் தானே பிரித்துப் பார்க்காமல் வெளியே கொடுக்க மாட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்டியரிங்கில் ஆட்டம் வந்தது. திருப்பினால் வண்டி சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பும். நேரான சாலையிலும் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. ஸ்டியரிங் பாக்ஸின் மேல் ஒரு திருகு இருக்கிறது, அதை முறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். மாமா கால் சுற்று முறுக்கினார். ஆட்டம் போய்விட்டது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தது. இன்னொரு கால் சுற்று.

ஜூலை மழையில் ஒரு நாள் கிங்ஸ் சர்க்கிள் ரவுண்டானாவைச் சுற்றும்போது ஸ்டியரிங் திரும்பிய இடத்திலேயே பிடித்துக்கொண்டது. மாமா இழுத்துப் பார்ப்பதற்குள் வண்டி நடைபாதை ஓரக் கல்லில் ஏறி நின்றது. நடக்கிற வேகம்தான் என்பதால் பம்பர் மட்டும் நசுங்கியது. ஒரு நிமிடத்துக்கு முன் பள்ளிப் பிள்ளைகள் இருவர் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் மாமா சாவியைத் தொடவில்லை.

பிறகு தாராவியிலிருந்து ஒரு மிஸ்திரி வந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடம் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகளுக்கு அடியிலேயே கழித்தவர். கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எங்க ஆடுதுன்னு பாக்காம ஏன் சார் முறுக்கினீங்க? எந்தப் பல்லு வலிக்குதுன்னு தெரியாம பக்கத்துப் பல்லைப் புடுங்கின மாதிரில்லா இருக்கு."

பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. உங்கள் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஏழெட்டு இணைப்புகள் இருக்கின்றன. ஸ்டியரிங் தண்டு, அதன் கீழே பாக்ஸ், பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை, அது அசைக்கும் நீளக் கம்பி, இரு பக்கமும் டை ராட், அவற்றின் முனைகளில் பால் ஜாயின்ட், கடைசியில் கிங் பின்னும் வீல் பேரிங்கும். ஒவ்வொன்றிலும் நூலளவு தேய்ந்தால் போதும். எல்லாம் சேர்ந்து கையில் இரண்டு அங்குல ஆட்டமாகத் தெரியும். இதில் திருகு சரி செய்வது பாக்ஸ் ஒன்றைத்தான்.

அந்தப் பாக்ஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. ஆகவே உள்ளே இருக்கும் பற்களின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. ஓரங்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கின்றன. நடுவில் உள்ள ஆட்டம் முழுவதையும் திருகிலேயே எடுக்கப் பார்த்தால், முழுசாகத் திருப்பும்போது ஓரப் பற்கள் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ரவுண்டானாவில் மாமாவுக்கு நடந்தது இதுதான். ஆட்டத்தோடு ஓடும் வண்டி முன்கூட்டியே எச்சரிக்கிறது. திருகை இறுக்கி அதன் வாயை அடைத்த வண்டி எச்சரிப்பதில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தேடுவது முழுவதையும் வீட்டிலேயே செய்யலாம். பெரிய கருவிகள் வேண்டாம். துணைக்கு ஓர் ஆள், ஒரு டார்ச், ஒரு அளவுகோல், ஒரு நல்ல ஜாக்கி, வண்டியைத் தாங்க உறுதியான ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். செங்கல்லையும் நம்பாதீர்கள்.

முதலில் டயரில் காற்று. ஒன்றில் குறைந்து இன்னொன்றில் கூடியிருந்தாலே வண்டி அலையும். காசில்லாத வைத்தியம், அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

அடுத்து அளவு. சமதரையில் சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இரண்டு விரலால் மெதுவாக இட வலமாக அசையுங்கள். முன் டயர் அசையத் தொடங்கும் வரை டேப் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் என்ஜின் ஓட வேண்டும். சுமார் ஓர் அங்குலம் வரை பழைய வண்டிக்கு இயல்பு என்பது பட்டறைக் கணக்கு. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் கூடாது என்கிறது. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை உள்ள இடைவெளி அது. 40 சென்டிமீட்டர் அகல வளையத்தில் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு ஆடும் வண்டியை நான் ஓட்ட மாட்டேன். சட்டம் சொல்வது கடைசி எல்லை, அங்கே போய் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனிதான் தேடல். துணை ஆள் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிதாக ஆட்டட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்தும், முன்பக்கம் குனிந்தும் அசைவைப் பின்தொடருங்கள். எது வரை அசைகிறது, எங்கே நின்றுவிடுகிறது? ஒவ்வொரு இணைப்பிலும் கையை வையுங்கள். இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையவில்லை என்றால் குற்றவாளி அங்கேதான். பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் 'டக்' என்று விரலுக்கே தெரியும். விரல் நசுங்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

பாக்ஸை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். ஸ்டியரிங்கை ஆட்டும்போது பாக்ஸே அசைந்தால் எந்தத் திருகும் உதவாது. மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் போல்ட் பிடித்திருக்கும் தகடே துருப்பிடித்துப் பிளந்திருப்பதும் உண்டு. அப்படியானால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பிறகு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரியும் லொடலொடப்பு பெரும்பாலும் டை ராட் முனைகளுடையது. பன்னிரண்டு, ஆறு மணி இடங்களில் ஆடினால் வீல் பேரிங் அல்லது கிங் பின். இரண்டில் எது? துணை ஆளை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

இவ்வளவும் பார்த்து, மற்ற எல்லாம் சரி, ஆட்டம் பாக்ஸில்தான் என்று உறுதியான பிறகே திருகு. அதற்கு முன் பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் நேராக இருக்கட்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை அரைக்கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுழற்றிப் பாருங்கள். எங்காவது கொஞ்சம் கனத்தாலும் பின்வாங்குங்கள். நடுவில் சிறிது ஆட்டம் மிச்சமிருந்தால் இருக்கட்டும். நட்டைப் பூட்டியபின், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மற்றதைப் பட்டறையில் விடுங்கள். டை ராட் முனை மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். கழற்றிய காட்டர் பின்னைத் திரும்பப் போடக் கூடாது, புதிது நாலைந்து ரூபாய் சமாச்சாரம். தேய்ந்த பால் ஜாயின்ட்டை வெல்டிங் வைத்துச் 'சரி' செய்து தருகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாமாவின் வண்டியில் மிஸ்திரி பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். இடது டை ராட் முனையின் ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் புகுந்து, கிரீஸ் கழுவிப்போய், உள்ளே உருண்டை தேய்ந்திருந்தது. அந்த உறை இருக்க வேண்டும் என்று அதே 98-வது விதியே சொல்கிறது. ஒரு முனை மாற்றி, மாமா முறுக்கிய அரைச் சுற்றைத் திரும்ப அவிழ்த்துவிட்டார். ஸ்டியரிங் இப்போது சாதுவாக இருக்கிறது.

குர்லா ஆலையில் தயாரான இந்த வண்டிகள்தான் பல பத்தாண்டுகள் மும்பை டாக்ஸி என்பதன் முகமாக இருந்தன. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்ஸிக்கு 20 வருடம்தான் ஆயுள் என்பதால் 2023 அக்டோபர் இறுதியோடு அதுவும் ஓய்வு பெற்றது. டாக்ஸிகள் போனதும் அவற்றின் அடியில் படுத்து வேலை பார்த்த கைகளுக்கும் வேலை குறைந்துவிட்டது. தன் மகன் ஏ.சி. ரிப்பேர் கற்றுக்கொள்கிறான் என்றார் மிஸ்திரி, வருத்தமில்லாமல்.

ஆகவே பழைய வண்டியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர்கள் இந்தத் தேடும் வித்தையை இப்போதே கற்றுக்கொள்வது நல்லது. பட்டறைக்குப் போய் "ஸ்டியரிங் லூஸ்" என்று சொல்வதற்கும், "இடது டை ராட் முனை போயிருக்கிறது" என்று சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும்.

போகும்போது மாமா மிஸ்திரியிடம் கேட்டார்: "திருகைத் தொடவே கூடாதுங்கறியாப்பா?"

"தொடலாம் சார். கடைசியா."