அப்பாவோடு போன இடத்துக்கு மறுபடியும்

கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, துணையை இழந்த ஊழியருக்கு ஐந்து நாள் துக்க விடுப்பு உண்டு. அதை மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஈமக்கடன்களுக்கு அது போதலாம். பிள்ளைகளின் துக்கம் அந்தக் கெடுவுக்குள் அடங்குவதில்லை. ஏழு வயதில் முழுதாகப் புரியாத இழப்பு பன்னிரண்டு வயதில் புதிதாக வலிக்கும். கலிஃபோர்னியாவின் டப்ளின் போன்ற இடத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தில், அதற்குள் ஊரிலிருந்து வந்த தாத்தாவும் பாட்டியும் திரும்பியிருப்பார்கள். அப்பாவைப் பற்றிப் பேச அம்மா ஒருத்திதான் மிச்சம். குடும்பமாகப் போன யோசெமிட்டிக்கோ மான்டெரே கடற்கரைக்கோ பிள்ளைகளை மறுபடி அழைத்துப் போகலாமா என்ற தயக்கம் அப்போது வருகிறது. போகலாம் என்பது மட்டுமல்ல, போவது நல்லது என்பதே என் கருத்து.

இறந்தவரிடமிருந்து மனத்தை விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதினார் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட். ஆனால் பாஸ்டன் பகுதியில் தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஃபிலிஸ் சில்வர்மனும் வில்லியம் வோர்டனும் தொடர்ந்து கவனித்தபோது, பலர் அந்த உறவை விடாமல், வேறு வடிவில் வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அப்படி வைத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு நினைவு வேண்டும். சின்ன வயது நினைவோ யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் நிற்காது. 2015இல் கணவர் டேவ் கோல்ட்பெர்க்கைத் திடீரென இழந்த, அப்போது ஃபேஸ்புக் அதிகாரியாக இருந்த ஷெரில் சாண்ட்பெர்க், தம் இரு பிள்ளைகளுக்காக நண்பர்களும் உறவினர்களும் சொன்ன நினைவுகளை வீடியோவில் பதிந்து வைத்தார். வீடியோவில் இருப்பது, பிறர் சொல்லத் தீர்மானித்தது மட்டுமே. நேரில் போய் நின்றால் பிள்ளையே கேள்வி கேட்கும்: அப்பா இந்தப் பாறையில் ஏறினாரா, பயந்தாரா, இங்கே என்ன சாப்பிட்டோம்? வீட்டில் யாருக்கும் தோன்றாத கேள்விகள் இவை.

ஆறத் தொடங்கிய புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்பவர்களின் அக்கறை நியாயமானது. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பதில் தருகிறது: துக்கத்தில் இருப்பவர் இழப்பை எதிர்கொள்வதும், அதை ஒதுக்கிவிட்டு அன்றாட வாழ்க்கையைக் கவனிப்பதும் மாறிமாறி நடக்கிறது, இரண்டும் தேவை. பழைய இடத்தில் பிள்ளை காலையில் அழும், மதியம் தண்ணீரில் ஆடும். அழுகையைக் கண்டு அஞ்சி அந்த ஊரின் பெயரையே வீட்டில் எடுக்காமலிருந்தால், அப்பாவைப் பற்றிப் பேசக் கூடாது என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். அதற்காக இழுத்துக்கொண்டும் போகக் கூடாது. எப்போது போவது, எத்தனை நாள் தங்குவது என்பதில் பிள்ளைக்கும் சொல் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் தள்ளிப்போடலாம். மரணமே நிகழ்ந்த இடமாக இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும்.

நம்மவர்களிடம் இன்னொரு தடை உண்டு. புருஷன் போன பிறகு உல்லாசப் பயணம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்ற பேச்சு, கடல் தாண்டியும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. மனைவியை இழந்தவரிடம் இதே கேள்வியை யாரும் அவ்வளவு கூர்மையாகக் கேட்பதில்லை. இறந்தவருக்காகப் பயணம் போவது நமக்குப் புதிதா? ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரை நிரம்புவது அதற்காகத்தானே? ஓராண்டுக்கு மலைக்கோயில் ஏறக் கூடாது என்ற வழக்கத்தை மதிப்பவர்கள் தலைத்திவசம் முடிந்து போகலாம். ஒரே சம்பளம், கணவரின் விசாவைச் சார்ந்திருந்த விசா என்ற நெருக்கடியில் இருப்பவருக்கு நெடும்பயணம் இயலாதுதான். அவர் குடும்பமாகப் போய்வந்த லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலும் பக்கத்துப் பூங்காவும் போதும். துக்கம் விசாரிக்க வந்து முதல் மாதம் சாப்பாடு கொடுத்தனுப்பும் நண்பர்கள், ஓராண்டு கழித்து இந்தப் பயணத்துக்குக் கார் ஓட்ட முன்வந்தால் அது இன்னும் பெரிய உதவி.