பத்து நிமிஷப் பரீக்ஷை

அமெரிக்காவின் சங்கீதக் கலாசாலைகளில் ஒவ்வொரு வருஷமும் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையில் வாசிப்புப் பரீக்ஷைகள் நடைபெறுகின்றன. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் என்னும் மரத்துளை வாத்தியங்களைப் பயின்ற 17, 18 வயதுப் பிள்ளைகள் ஊர் ஊராய்ச் சென்று, ஆசிரியர் குழுவின் முன் பத்து அல்லது பதினைந்து நிமிஷம் வாசிக்கிறார்கள். அந்தச் சில நிமிஷங்களே அவர்களுடைய பல வருஷத்து உழைப்புக்குத் தீர்ப்புக் கூறுகின்றன. திறமை ஒன்றே அளவுகோல் என்பது கலாசாலைகளின் கூற்று. இக்கூற்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம். ஒரு தேசம் தன் கலைச் செல்வத்தின் வாசலை யாருக்குத் திறந்து வைக்கிறது என்பது எந்தத் தேசத்தாரும் கவனிக்கத்தக்க விஷயமேயாகும்.

பரீக்ஷையில் கேட்கப்படுவது யாது என்பதை முதலில் பார்ப்போம். ஸ்வர வரிசைகளை எல்லாச் சுருதிகளிலும் பிசகின்றி வாசிக்க வேண்டும். ஓபோ வாசிப்போருக்குப் பெர்லிங்கும், கிளாரினெட் வாசிப்போருக்கு ரோஸும் இயற்றிய அப்பியாசங்கள் வழக்கமாக விதிக்கப்படுகின்றன. மோத்ஸார்ட் இந்நான்கு வாத்தியங்களுக்கும் தனித்தனியே கச்சேரி உருப்படிகள் இயற்றியிருக்கிறார். பஸ்ஸூனுக்கு இயற்றியது 1774-ல். கிளாரினெட்டுக்கு இயற்றியது அவர் மறைந்த 1791-ல். இவற்றில் ஒன்றை வாசிக்கும்படி கேட்பது பெருவழக்கு. பெரிய வாத்தியக் கோஷ்டிகளின் உருப்படிகளிலிருந்து சில பகுதிகளும், முன்பின் பாராத ஏட்டைக் கண்டவுடன் வாசித்தலும் பல இடங்களில் இவற்றோடு சேர்கின்றன. இவ்வளவுக்கும் முன்னால், டிசம்பர் முதல் தேதியையொட்டி ஒலி அல்லது ஒளிப் பதிவை அனுப்ப வேண்டும். அதில் தேறியவர்களே நேரில் அழைக்கப்படுகிறார்கள்.

ஓபோவுக்கும் பஸ்ஸூனுக்கும் மற்றொரு சங்கடமும் உண்டு. நமது நாதசுரத்தைப் போலவே இவையும் சீவாளியால் ஒலிப்பவை. தென் பிரான்ஸில் விளையும் ஒருவகை நாணலைப் பிளந்து, கட்டி, கத்தியால் சீவிச் சீவி, வாசிப்பவரே அதைச் செய்துகொள்ளப் பழக வேண்டும். காற்றின் ஈரம் மாறினால் அதன் குணமும் மாறிவிடும். ஆகையால் விவேகமுள்ள மாணவன் பல சீவாளிகளைத் தயாரித்துக்கொண்டு செல்கிறான். இக்கைவேலை புஸ்தகத்தால் மட்டும் வருவதன்று. பக்கத்தில் இருந்து காட்டும் ஆசிரியர் வேண்டும்.

இங்கேதான் நாம் சொல்லவந்த விஷயம் தொடங்குகிறது. வாராவாரம் தனி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தேர்ந்த ஓபோவின் விலை ஆயிரக்கணக்கான டாலர். நல்ல பஸ்ஸூனின் விலை பதினாயிரக்கணக்கான டாலர். விண்ணப்பக் கட்டணம், பக்க வாத்தியக்காரருக்குச் சன்மானம், ரயில் அல்லது விமானச் செலவு, தங்கும் செலவு ஆகியவை தனி. ஐந்தாறு கலாசாலைகளுக்கு விண்ணப்பிப்பவன் இவற்றில் பலவற்றை ஐந்தாறு முறை தாங்க வேண்டும். கிடைக்கும் ஸ்தானங்களோ மிகச் சில. பிலடெல்பியாவிலுள்ள கர்ட்டிஸ் கலாசாலையில் மொத்த மாணவர்களே ஏறக்குறைய 150 பேர்தான். ஒரு வாத்தியத்துக்கு வருஷம் ஒன்றிரண்டு இடம் காலியானால் அதுவே அதிகம்.

இதற்குக் கலாசாலைகளின் தரப்பில் சமாதானம் இல்லாமலில்லை. கர்ட்டிஸ் கலாசாலை 1928 முதல் எந்த மாணவரிடமும் போதனைக் கட்டணம் வாங்குவதில்லை. 2005-ல் யேல் சர்வகலாசாலையின் சங்கீதப் பகுதி 10 கோடி டாலர் நன்கொடை பெற்று, அங்கும் போதனைக் கட்டணம் நீங்கிற்று. இவை போற்றத்தக்க தர்மங்கள். ஆயினும் இச்சலுகை தேறியவர்களுக்கே உரியது. ஜயித்தவனுக்குக் கோர்ட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தருவோம் என்றால், வழக்குத் தொடுக்கவே வகையற்றவனுக்கு அதனால் வரும் நியாயம் என்ன?

வாத்தியக் கோஷ்டிகள் திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்து ஆளெடுப்பதைச் சிலர் உதாரணங் காட்டுவர். பாஸ்டன் கோஷ்டியார் 1952-ல் கையாண்ட இம்முறை, 1970-க்குப் பின் பரவலாயிற்று. அத்தேசத்தின் ஐந்து பெரிய கோஷ்டிகளில் 1970-ல் நூற்றுக்கு 5-க்கும் குறைவாயிருந்த பெண்களின் தொகை 1997-ல் 25 ஆயிற்று. இதில் திரைக்கும் ஒரு பங்குண்டு என்று கோல்டின், ரௌஸ் என்னும் இரு பொருளாதார நிபுணர்கள் 2000-ல் முடிவு கூறினர். அம்முடிவின் கணக்கைப் பின்னர் ஆக்ஷேபித்தவர்களும் உண்டு. அது எவ்வாறாயினும், திரையானது வந்தவருடைய முகத்தை மறைக்குமேயன்றி, வராதவரை அழைத்து வராது.

நிற்க, பரிகாரம் என்ன? 2020-ல் கொள்ளைநோய் பரவியபோது, நேரில் வராமல் பதிவின் மூலமே வாசிப்பைக் கேட்கப் பல கலாசாலைகள் இசைந்தன. பிரயாணச் செலவு ஏழைக்குத் தடையாயிருக்கும் வரையில் இச்சலுகையைக் கைவிடலாகாது. ஆனால் உண்மையான பரிகாரம் பத்து வயதில் தொடங்க வேண்டும். நியூயார்க்கின் ஜூலியார்ட் கலாசாலை, சங்கீத உலகில் போதிய இடம் பெறாத சமூகங்களின் சிறுவர் சிறுமியருக்காக 1991 முதல் சனிக்கிழமைப் போதனை நடத்திவருகிறது. இதைக் கட்டணமின்றி நடத்துவதற்கென 2021-ல் 5 கோடி டாலர் நன்கொடை கிடைத்தது. வழி இதுவே. ஆனால் ஒரு நகரத்தில் ஒரு தனவந்தரின் மனமிரங்கலால் நடப்பது, தேசமெங்கும் பொதுப்பணத்தால் நடைபெற வேண்டும். சர்க்கார் பள்ளிக்கூடந்தோறும் இரவலாகக் கொடுக்க வாத்தியங்களும், சம்பளம் பெற்றுக் கற்பிக்க ஆசிரியரும் இருத்தல் வேண்டும்.

பரீக்ஷை கடுமையாயிருப்பது குறையன்று. கலைக்குக் கடுமை அவசியமே. ஆனால் பத்து நிமிஷத்தில் திறமையை அளக்கிறோம் என்று சொல்லுகிறவர்கள், அதற்கு முந்திய பத்து வருஷத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதுவரையில் அவர்கள் அளப்பதில் ஒரு பகுதி பிள்ளையின் மூச்சு. மற்றொரு பகுதி தகப்பனாரின் பணப்பை என்றே நாம் கூறுவோம்.