நம் மலையில் வளர்ந்த மரம் நம் கூரைக்கு வரட்டும்



போன மாதம் எங்கள் தோட்டத்து ரோட்டோரத்தில் லொறிக்கு மரம் ஏற்றினார்கள். எல்லாம் தேயிலை மலைக்குள் நிழலுக்காக நட்டு வளர்த்த கிரேவிலியா மரத்தின் குற்றிகள். வெட்டியவர்கள் கொந்தராத்துக்காரர் கூட்டி வந்த ஆட்கள். ஏற்றியவர்கள் நம் பிள்ளைகள். பொழுது சாய்ந்ததும் கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சேமலாப நிதி கிடையாது, பெயர்கூடப் பதியவில்லை.

அதே வாரம் மேல் லயத்து அக்கா ஒருவர் டவுன் மரக்காலையில் இரண்டு கைமரமும் நாலு ரீப்பையும் வாங்கி ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்தார். மழை வந்தால் அவர் காம்பராவுக்குள் மூன்று இடத்தில் சட்டி வைக்க வேண்டும். ஆட்டோக் கூலியோடு சேர்த்துப் பார்த்தால் அவருடைய பல நாள் சம்பளம் போய்விட்டது. அந்த மரம் நம் மலையிலிருந்து இறங்கிப் போன மரமாகவே இருக்கலாம். குற்றியாக இறங்கிப்போனது பலகையாகத் திரும்பி வரும்போது, நடுவில் எத்தனை பேர் கையில் காசு ஏறுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நான் தோட்டத்துத் தச்சுப் பட்டறையில் பல வருசம் வேலை பார்த்தவன். எங்களுக்கு முந்தின ஆட்கள் குழி தோண்டி, குற்றியை மேலே கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று வாள் இழுத்துப் பலகை அறுத்தார்கள். மரம் தோட்டத்திலேயே அறுபட்டது, தோட்டத்துக்கே பயன்பட்டது. இன்றைக்கு அதே வேலையை இலகுவாகச் செய்ய இடத்துக்கு இடம் கொண்டுபோகக்கூடிய மர அறுப்பு இயந்திரங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு இயந்திரம் தோட்டத்துக்குள் வர வேண்டும், அது தொழிலாளர் கையில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதில் இரண்டு வகையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, மரம் வெட்டும் செயின் வாளிலேயே ஒரு சட்டத்தைப் பூட்டி, குற்றியின் நீளத்துக்கு இழுத்து அறுப்பது. விலை குறைவு, தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறலாம். ஆனால் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய எட்டில் மூன்று அங்குலம் தூளாகப் போகும். மற்றது, தண்டவாளம் போன்ற சட்டத்தின் மேல் பட்டை வாள் ஓடும் இயந்திரம். குற்றி அசையாமல் கிடக்கும், வாள்தான் நகரும். டிரக்டரில் இழுத்து வந்து சமதரையில் நிறுத்தினால் இரண்டு மூன்று பேர் வேலை செய்யலாம். இதில் தூளாகப் போவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

12 அங்குலச் சதுரமாக்கிய, 10 அடி நீளக் குற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு அங்குலப் பலகையாக அறுத்தால் செயின் வாளில் 9 பலகை வரும். பட்டை வாளில் 11 பலகை வரும். அந்த 11 பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 110 சதுர அடி. நம் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவின் பரப்பு 120 சதுர அடி. ஒரு குற்றியில் ஏறக்குறைய ஒரு காம்பராவுக்கு மேல்தட்டு அடித்துவிடலாம். சதுரமாக்கும்போது கழிக்கிற ஓரப் பலகையும் வீணாகாது. மாட்டுப்பட்டிக்கு மறைப்பாகும், அடுப்புக்கு விறகாகும். கொழுந்து எடுத்து முடிந்தபிறகு விறகுக் கட்டைத் தலையில் சுமந்து வரும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லத் தேவையில்லை.

அறுத்த உடனே பலகையைக் கூரையில் ஏற்றவும் கூடாது. கிரேவிலியா காயும்போது முறுக்கும். தரையிலிருந்து உயர்த்தி, பலகைக்குப் பலகை நடுவே குச்சி வைத்து, மேலே தகரம் போட்டு, காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருசம் என்பது பழைய கணக்கு. நம் பனியிலும் மழையிலும் அதைக் குறைக்க நினைக்காதீர்கள். அல்பீசியா இலேசான மரம், கறையானும் உளுவும் சீக்கிரம் பிடிக்கும். அதைக் கூரைக்கு நம்பாமல், கொங்கிரீட் போடும்போது பலகை அடிக்கவும் பெட்டி செய்யவும் வைத்துக்கொள்ளலாம். லயத்தோரத்து மரங்களில் கொடி கட்ட அடித்த ஆணியும் முள்ளுக்கம்பியும் உள்ளே புதைந்திருக்கும். பார்க்காமல் அறுத்தால் வாள் தெறிக்கும், ஆளுக்கும் ஆபத்து.

இதைப் பற்றிப் பேசும்போது சிலர் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, இயந்திரம் வந்தால் மலை மொட்டையாகிவிடாதா? இந்தப் பயம் எனக்கும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. ஆகவே சரிவில் நிற்கும் மரத்திலும் நீரோடைக் கரை மரத்திலும் கை வைக்கக் கூடாது. வெட்டுகிற இடத்தில் கன்று நட வேண்டும். மரம் வெட்டவும், ஏற்றிச் செல்லவும், மர ஆலை நடத்தவும் சட்டமும் அனுமதியும் உண்டு. வீட்டுத் தோட்டத்துப் பலாவை வெட்டுவதற்கே 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். கள்ளத்தனமாக ஒரு கிளைகூட வேண்டாம். நான் கேட்பது புதிதாக வெட்டச் சொல்லி அல்ல. இப்போதே வெட்டி விற்கப்படுகிற மரத்தில் நமக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதுதான்.

இரண்டாவது, இது ஆபத்தான வேலை, நம் பிள்ளைகளை ஏன் இதில் இறக்க வேண்டும்? அவர்கள் ஏற்கெனவே இறங்கியிருக்கிறார்கள், தோழர்களே. செருப்புக் காலோடு குற்றி உருட்டுகிறார்கள். கால் நசுங்கினால் கொந்தராத்துக்காரரின் டெலிபோன் வேலை செய்யாது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. பெயர் பதியாத தொழிலாளி அதைக் கேட்டுப் போகும்போது, தான் அங்கே வேலை செய்ததையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியும், சப்பாத்தும், கண்ணாடியும், காதடைப்பும், சேமலாப நிதியும் உள்ள வேலையாக இதை மாற்றினால்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. கிரேவிலியாத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் வேண்டும்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. அன்று முதல் தேயிலைக் கணக்கைப் பற்றிப் பேச்சுவார்த்தை மேசையில் நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். மரக் கணக்கைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? அந்த மரத்துக்குக் கன்று நட்டதும் கவ்வாத்து வெட்டியதும் நம் அப்பன் பாட்டன்தான்.

ஆகவே சங்கத்தின் முன் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. தோட்டத்தில் மரம் விற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பகுதியை லயன் திருத்தத்துக்கும், தனிக் காணியில் எழும் வீடுகளுக்கும் ஒதுக்க வேண்டும். அதை எழுத்தில் தர வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்து, வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் ஒரு இயந்திரத்தைப் பதிவுசெய்து வாங்க வேண்டும். அதில் வேலை செய்கிறவர்களுக்குப் பதிவும் நாட்சம்பளமும் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையிடம் பயிற்சி கேட்க வேண்டும். யாருக்கு முதலில் பலகை என்பதை முடிவு செய்யும் கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எந்தக் கூரை ஒழுகுகிறது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து இந்த மாதம் எத்தனை லொறி மரம் போனது, உங்கள் லயத்தில் எத்தனை கூரை ஒழுகுகிறது, இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். மேசையில் அந்தக் கொப்பியை வைத்துப் பேச்சைத் தொடங்குவோம்.