குஞ்சு பிழைக்கும் ஆறு வேண்டும்

ஈக்காட்டுத்தாங்கல் பாலத்தில் நின்று பார்க்கும்போது அடையாற்றின் கறுத்த நீரில் மீன் துள்ளினால், ‘பரவாயில்லை, ஆற்றில் இன்னும் உயிர் இருக்கிறது’ என்று மனம் ஆறுதல் தேடுகிறது. ஆனால், இப்படி நகரத்துக்குள் அழுக்கான பகுதியில் வீச்சு வலைக்குச் சிக்குவது பெரும்பாலும் ஜிலேபி மீன்தான். அதை வைத்து ஆற்றுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது.

ஜிலேபி 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். கெட்ட நீரைத் தாங்கும் உடல்வாகு அதற்கு உண்டு. அதைவிட முக்கியமானது அதன் பிள்ளை வளர்ப்பு. தாய் முட்டைகளை வாய்க்குள்ளேயே அடைகாக்கிறது. அது தாடையை அசைக்கும்போதெல்லாம் முட்டைகள் புரண்டு, அவற்றின் மேல் புது நீர் படுகிறது. பொரித்த குஞ்சுகளையும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்கிறது. நம் ஊர்க் கெண்டைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் முட்டை செடியிலோ தரையிலோ ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். அங்கே சாக்கடைக் கசடு படிந்தால் அதோடு கதை முடிந்தது.

வளர்ந்த மீன் நீர் கெட்டால் விலகி நீந்தும். மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். முட்டையால் இரண்டும் முடியாது. அதற்குச் செவுளே கிடையாது. மெல்லிய தோல் வழியே கசிந்து வரும் ஆக்சிஜன்தான் அதன் மூச்சு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கொடுவா முட்டை, வெதுவெதுப்பான கடல்நீரில் ஏறக்குறைய 18 மணி நேரத்தில் பொரிந்துவிடுகிறது. அதற்குள் கண்ணும் இதயமும் உருவாகத் தொடங்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் ஏற்படும் குறையைப் பிறகு எவ்வளவு நல்ல நீர் விட்டாலும் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை.

பிழைத்த குஞ்சும் தப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஹாங்காங் ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீன் குஞ்சுகளை ஆக்சிஜன் குறைந்த நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். நல்ல நீரில் சுமார் 62 சதவீதமாக இருந்த ஆண் மீன்கள், மூச்சுமுட்டிய நீரில் 74 சதவீதமாகின. 2006-இல் வெளியான முடிவு இது. பெண் மீன் குறைந்தால் அடுத்த ஆண்டு முட்டை எங்கிருந்து வரும்? எண்ணெயும் இப்படித்தான் வேலை செய்கிறது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகள், முட்டைப் பருவத்தில் மிகச் சிறிதளவு கச்சா எண்ணெய் பட்டாலே மீனின் இதயம் கோணலாகி, பின்னாளில் நீந்தும் வலு குறைவதைக் காட்டின. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, கரை ஒதுங்கிய மீன்களையும் பறவைகளையும் கண்டோம். கண்ணுக்கே தெரியாத முட்டைகளுக்காக யார் பேசினார்கள்?

நம் விதிமுறையிலும் இதே குறை இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கு ஏற்றதாக வகுத்திருக்கும் ‘டி’ பிரிவு நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் போதும். முட்டைக்கும் குஞ்சுக்கும் தனி அளவு கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1986-லேயே வெப்பநீர் மீன்களுக்கு இரண்டு அளவுகளை வகுத்துவிட்டது: ஒரு நாளின் குறைந்தபட்சம், வளர்ந்த மீனுக்கு 3 மில்லிகிராம், இளம் பருவத்துக்கு 5. கைக்குழந்தைக்கு யாரும் அப்பாவின் மாத்திரையைக் கொடுப்பதில்லை. மீனுக்கு மட்டும் ஏன் ஒரே அளவு?

அளக்கும் நேரமும் முக்கியம். பாசி மண்டிய நீரில் பிற்பகலில் ஆக்சிஜன் பொங்கும். இரவெல்லாம் பாசியும் கழிவும் அதைத் தின்று தீர்க்க, விடியற்காலையில் அடிமட்டத்துக்கு இறங்கும். பகலில் எடுத்த ஒரு பாட்டில் நீர் இதைச் சொல்லாது.

அடையாற்றின் முகத்துவாரத்துக்கு வந்தால் அக்கறை இன்னும் கூடுகிறது. மடவை கடலில் முட்டையிட்டாலும் அதன் குஞ்சுகள் தேடி வருவது கழிமுகத்தை. மணல்திட்டு வாயை அடைத்தால் அவை உள்ளே வர முடியாது. வந்தாலும் அங்கே காத்திருப்பது சாக்கடை. 1997-இல் கொடுவா மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்துகாட்டிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் தலைமையகம், அங்கிருந்து சற்றே தள்ளி சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. குஞ்சுக்கு என்ன நீர் வேண்டும் என்று தெரிந்தவர்கள் இந்த ஆற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடையாறு சீரமைப்புக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டத்தைத் தமிழக அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. கரையும் பூங்காவும் நடைபாதையும் வரட்டும். அத்தோடு, நந்தம்பாக்கம் முதல் முகத்துவாரம் வரை விடியற்காலை ஆக்சிஜன் அளவையும் ஆண்டுதோறும் முட்டை, குஞ்சு கணக்கெடுப்பையும் அந்தத் திட்டத்தின் நிபந்தனையாக்குங்கள். குஞ்சுகள் உள்ளே வரும் மழைக்கால மாதங்களில் முகத்துவாரத்தைத் திறந்து வையுங்கள். அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.