சுத்த அலுமினியமாம், சுத்தம்!

போன வாரம் ஏணி வாங்கப் போனேன். கடைக்காரத் தம்பி பெருமையாகச் சொன்னார்: "நூறு சதவீதம் சுத்த அலுமினியம் சார், கலப்படமே கிடையாது." அப்படியானால் அந்த ஏணி எனக்கு வேண்டாம் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாலுக்கும் நெய்க்கும் சொல்வதை உலோகத்துக்கும் சொல்லிப் பழகிவிட்டோம். தப்பு எங்களுடையதுதான். "உலோகக்கலவை என்றால் என்ன?" என்று வருஷா வருஷம் ரெண்டு மார்க் கேள்வி கேட்டோம். கலப்படம் வேறு, கலவை வேறு என்று எத்தனை வாத்தியார்கள் புரிய வைத்தோம்? சுத்த அலுமினியம் சுலபமாக வளைந்துவிடும். அதில் ஏணி செய்து ஏறினால் எலும்புதான் முறியும்.

பேசாமல் வந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா? பக்கத்தில் இருந்த ஜி.ஐ. வாளியைக் காட்டினேன். மேலே பூப்பூவாகத் தெரிகிறதே, ஒவ்வொன்றும் ஒரு துத்தநாகப் படிகம். அலுமினியமும் இப்படிப் படிக மணிகளால் ஆனதுதான், வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. உலோகம் வளைகிறது என்றால் மணிக்குள் அணு வரிசைகள் வழுக்குகின்றன என்று அர்த்தம். அடுத்த மணியில் வரிசையின் திசை வேறு, அதனால் எல்லையில் வழுக்கல் முட்டி நிற்கும். மணி சிறுத்தால் எல்லை கூடும், பலமும் கூடும். 1951-ல் ஹால், 1953-ல் பெட்ச் இரும்பில் கண்ட கணக்கு இது: மணியின் அளவு கால்வாசியானால், எல்லையால் வரும் பலம் இரட்டிக்கும்.

அதற்காகத்தான் உருக்கிய அலுமினியத்தில் டைட்டானியமும் போரானும் சேர்ந்த கம்பியை டன்னுக்கு ஒன்றிரண்டு கிலோ விடுகிறார்கள். அதிலுள்ள நுண்துகள்கள் மேல் படிகங்கள் ஏராளமாக முளைக்கும். ஒன்றுக்கொன்று இடம் விடாததால் எல்லாமே சின்னதாக நிற்கும். உருக்கை வெகுநேரம் சும்மா வைத்திருந்தால் துகள் அடியில் படிந்து, போட்ட காசு வீண்.

உடனே "மணி சிறுத்தால் அலுமினியம் இரும்பாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அதுவும் தப்பு. இந்த வழியில் அலுமினியத்துக்குக் கூடும் பலம் இரும்பைவிடக் குறைவு. வார்ப்பு உறையும்போது விரிசல் விடாமல் காப்பதுதான் பெரிய லாபம். ஏணிச் சட்டத்தின் முக்கியப் பலம், மெக்னீசியமும் சிலிக்கனும் சேர்த்துச் சூட்டில் பக்குவப்படுத்துவதால் வருவது. அதாவது, அந்தத் தம்பி "இல்லவே இல்லை" என்று சத்தியம் செய்த அதே கலவை!

கடையில் "சுத்தமா?" என்று கேட்காதீர்கள். என்ன கிரேடு, எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். நான் கேட்டேன். தம்பி ஏணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரில் விலை மட்டும்தான் இருந்தது.