ஐந்து வௌவால்

ஓசியில் வந்ததை ஓசியில் தள்ளிவிடுவது என் கொள்கை. திண்டிவனத்தில் தங்கை வீட்டு கிரகப்பிரவேசம். சிங்கப்பூர் நண்பன் தந்திருந்த சீனப் பீங்கான் தட்டை விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

தங்கையின் மாமியார் பார்த்தார். தட்டைச் சுற்றி ஐந்து வௌவால்!

"புது வீட்டுக்கு இதையா தம்பி கொண்டாருவாங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. "இல்லம்மா, சீன பாஷைல வௌவாலுக்கும் 'ஃபூ', பாக்கியத்துக்கும் 'ஃபூ'. எழுத்துதான் வேற. அஞ்சு வௌவால்னா அஞ்சு பாக்கியம். நீண்ட ஆயுள், செல்வம், ஆரோக்கியம், நல்ல குணம்..."

நிறுத்திக்கொண்டேன். விசேஷ வீடாயிற்றே!

"அஞ்சாவது?"

"இழுத்துக்கிட்டுக் கிடக்காம, நல்ல சாவு."

மூன்று வருஷம் படுக்கையில் கிடந்த கணவருக்குப் பணிவிடை செய்தவர் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"இதை சாமி ரூம்ல வைம்மா."